புல்லுருவி அல்ல, மரவாழை
(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து மாவில் தத்துப்பூச்சிக் கட்டுப்பாடு, கவாத்து, சொட்டு நீர்ப் பாசனம் என்று உங்கள் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பல செய்திகளைக் கேட்டிருக்கிறீர்கள். நான் பேச வந்திருப்பதோ விதைக்கவும் ஆகாத, சந்தைக்கும் வராத ஒரு செடியைப் பற்றி. இருந்தாலும் பதினைந்து நிமிடம் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன். ஏனென்றால் இந்தச் செடி உங்கள் தோப்பில்தான் இருக்கிறது. இது இருப்பதும் இல்லாமற்போவதும் உங்கள் கையில் இருக்கும் அரிவாளைப் பொறுத்தது.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் நத்தம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பைப் பார்வையிடச் சென்றேன். வயது முதிர்ந்த கல்லாமை மரங்கள் நிறைந்த தோப்பு. சில மரங்களில் புல்லுருவி பிடித்திருந்தது. தோப்புக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். அவரிடம், "அம்மா, மரத்தில் ஒட்டியிருப்பதையெல்லாம் ஆள் வைத்துச் சுரண்டி எடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாய் நின்ற வேறொரு செடியைக் காட்டி, "தம்பி, இது எங்க மாமனார் காலத்துல இருந்து இருக்கு. வைகாசியில பூக்கும், வாசம் வீட்டு வரைக்கும் வரும். இதையுமா எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "மரத்து மேல முளைக்கிறது எல்லாமே மரத்தோட சத்தைத்தான் உறிஞ்சும் அம்மா" என்று சொன்னேன்.

அரசாங்கத்தில் இருந்து வந்தவர் சொல்கிறாரே என்று அவரும் ஆள் வைத்துச் சுரண்டினார். கூலி கொடுத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அதே தோப்புக்குப் போனேன். புல்லுருவி முன்பைவிட அதிகமாக இருந்தது. அந்த அம்மையார் காட்டிய செடியோ ஒரே ஒரு மரத்தில், ஏணிக்கு எட்டாத உயரத்தில், ஒரே ஒரு கொத்துதான் மிஞ்சியிருந்தது. மரங்களின் காய்ப்பு அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒழிக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட்டுவைக்க வேண்டியதை ஒழிக்கச் சொன்னவன் நான்தான். அந்தத் தவறு உங்கள் தோப்பில் நிகழக்கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு.

செடியின் அடையாளம்

அந்த அம்மையார் காட்டிய செடி ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இதற்கு வாண்டா டெஸ்ஸலேட்டா என்று பெயர். கேரளத்தில் இத்தகைய செடிகளை 'மரவாழ' என்று அழைக்கிறார்கள். நாமும் இங்கே மரவாழை என்றே சொல்லிக்கொள்வோம். பெயரில் வாழை இருந்தாலும் வாழைக்கும் இதற்கும் உறவில்லை.

ஆர்க்கிட் என்றவுடன் நட்சத்திர ஓட்டல்களிலும் திருமண மேடைகளிலும் வைக்கும் ஊதாப் பூக்கள்தான் நம் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் ஒட்டுக் கலப்பில் உருவாக்கி நிழல்வலைக் கூடத்தில் வளர்த்தவை. நாம் அறிந்த வனிலாவும் ஒரு ஆர்க்கிட்தான். அது மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. மரவாழை அப்படியன்று. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர் ஆகிய நாடுகளில் தானாகவே வளரும் செடி. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல மழை மிகுந்த மலைகளில் வாழ்பவை. நம்மைப் போல் சமவெளியில் வெயிலைத் தாங்கி வாழும் சிலவற்றுள் மரவாழையும் ஒன்று.

தண்டு ஒரு முழம் வரை வளரும். இலைகள் இருபுறமும் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று தழுவியவாறு அமைந்திருக்கும். ஒவ்வொரு இலையும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். தடித்து, நடுவில் வாய்க்கால் போல் மடிந்திருக்கும். நுனியைப் பார்த்தால் ஏதோ பூச்சி கடித்துத் துப்பியது போல் ஒழுங்கின்றி இருக்கும். அது அதன் இயல்பான அமைப்பு. பூச்சித் தாக்குதல் என்று எண்ணி மருந்து தெளித்துவிடாதீர்கள். விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைவான வெண்சாம்பல் நிற வேர்கள் பட்டையின் மீது படர்ந்தும், காற்றில் தொங்கியும் இருக்கும்.

பூக்கள் கோடையில் வரத் தொடங்கும். ஒரு தண்டில் ஐந்து முதல் பத்துப் பூக்கள் வரை இருக்கும். ஒவ்வொன்றும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலம். இதழ்கள் மஞ்சள் கலந்த பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்து, அவற்றின்மேல் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நம் பெண்கள் உடுத்தும் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் போல் இருக்கும். 'டெஸ்ஸலேட்டா' என்ற சொல்லுக்கும் கட்டம் போட்டது என்றே பொருள். நடுவில் நீலமோ ஊதாவோ கலந்த ஒரு நாக்கு நீண்டிருக்கும். நல்ல மணம் உண்டு.

புல்லுருவியை எப்படி இனங்காண்பது?

இப்போது உங்கள் பகைவனைப் பார்ப்போம். புல்லுருவி ஒரு புதர். அதற்குக் கிளைகள் உண்டு. கிளைகளில் தடித்த, அகன்ற இலைகள் இருக்கும். குழல் போன்ற பூக்கள் கொத்தாக வரும். பின்னர் ஒட்டும் சதையுள்ள சிறு பழங்கள் பழுக்கும். சிட்டுக்குருவியினும் சிறிய ஒரு பறவை அந்தப் பழத்தைத் தின்று, விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை பசையால் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கும். முளைத்தவுடன் அதன் வேர் பட்டையைத் துளைத்து மரத்தின் கட்டைக்குள் இறங்கி, மரத்தின் நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சும். அது புகுந்த இடத்தில் கிளை முடிச்சுப் போல் வீங்கியிருக்கும். அந்த முடிச்சுக்கு அப்பால் உள்ள கிளைப்பகுதி நாளடைவில் மெலிந்து காயும். சில வகைப் புல்லுருவி கிளையின் மேலும் வேர்க்கொடியை ஓடவிடும். அந்தக் கொடியும் இடையிடையே மரத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

மரவாழையின் வேரோ பட்டையின் மேலோடு நின்றுவிடும். ஒரு வேரை மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். பட்டையின் வெளிச்செதில் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே பச்சைப் பட்டையில் காயமோ துளையோ இராது. வீக்கமும் இராது. வீட்டுச் சுவரில் பல்லி ஒட்டியிருப்பதற்கும் கரையான் புகுந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆகவே கிளை வீங்கியிருக்கிறதா, வேர் கட்டைக்குள் இறங்கியிருக்கிறதா என்று இரண்டைப் பாருங்கள். ஆம் என்றால் அது புல்லுருவி, தயங்காமல் நீக்குங்கள். நீக்கும்போது இலையை மட்டும் ஒடித்தால் பயனில்லை. முடிச்சுக்குக் கீழே, நல்ல கிளைப்பகுதியில் வெட்டி, கிளையோடு எடுத்துவிட வேண்டும். பழம் பழுப்பதற்கு முன்பே இதைச் செய்தால் விதை பரவுவதையும் தடுக்கலாம். அந்த அம்மையாரின் தோப்பில் ஆட்கள் மேலாகச் சுரண்டினார்கள். முடிச்சு உள்ளேயே இருந்ததால் புல்லுருவி மீண்டும் துளிர்த்துவிட்டது.

இல்லை என்றால் அரிவாளைக் கீழே வையுங்கள்.

மண்ணில்லாமல் எப்படி வாழ்கிறது?

மரத்திலிருந்து எதையும் எடுக்காத செடி எதை உண்டு வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இத்தகைய செடிகளைத் தொற்றுச் செடிகள் என்கிறோம். மரம் இவற்றுக்கு வீடு மட்டுமே; அடுப்பும் உலையும் தனி.

மரவாழையின் வேரைச் சுற்றி வெண்மையான பஞ்சு போன்ற ஒரு போர்வை இருக்கிறது. மழைத்துளி பட்டவுடன் அந்தப் போர்வை நீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது வெள்ளையாகத் தெரியும் வேர், நனைந்தவுடன் பச்சையாக மாறுவதை நீங்களே பார்க்கலாம். போர்வைக்கு உள்ளே பச்சையம் இருப்பதுதான் காரணம்; இலை மட்டுமன்றி வேரும் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது. உரம் எங்கிருந்து கிடைக்கிறது? மழைநீர் மரத்தின் வழியே வழியும்போது தூசி, பறவை எச்சம், மட்கிய சருகு ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வருகிறது. அந்தத் துளிதான் இதற்குத் தொழுவுரம். மரம் வேண்டாம் என்று விட்டதை இது உண்கிறது.

கோடையில் எப்படித் தாங்குகிறது என்பதிலும் ஒரு சிறப்பு உண்டு. பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரிவாயுவை எடுத்துக்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போய்விடுகிறது. மரவாழை இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து கரிவாயுவை வாங்கிச் சேமித்து வைக்கும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைக் கொண்டு சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். அன்னாசியும் கள்ளியும் கையாளும் முறையும் இதுவே. தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி நாங்கள் உங்களுக்குப் பாடம் நடத்துகிறோம். இது எங்களுக்கே பாடம் நடத்தும்.

பெயரிலேயே ஒட்டிய பழி

இதைப் புல்லுருவி என்று தவறாக எண்ணியவன் நான் மட்டுமல்லன் என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல். மரத்தின்மேல் வளரும் செடிகளை வடமொழியில் 'வந்தா' என்று பொதுவாகக் குறிப்பதுண்டு. புல்லுருவிக்கும் அதே பெயர்தான். வில்லியம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1790-களில் அந்தச் சொல்லை எடுத்து இந்தச் செடியைப் பற்றி எழுதினார். ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலார் 1820-ல் அதையே பேரினப் பெயராக நிலைநிறுத்தினார். இன்று உலகெங்கும் பூ வியாபாரிகள் 'வாண்டா' என்று சொல்வது நம் நாட்டுச் சொல்தான்.

இதே இனத்தை முதலில் படத்தோடு விவரித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் 1795-ல் வெளியிடத் தொடங்கிய பெரிய நூலில் இது இடம்பெற்றிருக்கிறது. நம் கரையோரத்தில் அந்நாளில் எளிதாகக் கண்ணில் படும் செடியாக இது இருந்திருக்கிறது என்பது இதனால் தெரிகிறது.

விதை இருந்தும் முளைக்காதது ஏன்?

அந்தத் தோப்பில் ஒரு கொத்து மிஞ்சியதே, அதிலிருந்து விதை பரவி மீண்டும் தோப்பு முழுவதும் வராதா என்று நீங்கள் எண்ணலாம். எட்டு ஆண்டில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

மரவாழையின் காய் ஒவ்வொன்றிலும் பல்லாயிரக்கணக்கான விதைகள் இருக்கும். காய் முற்றி வெடிக்கும்போது மாவைத் தூவியது போல் காற்றில் பறக்கும். நெல்லுக்குள் அரிசி இருக்கிறது. அவரைக்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கும் கன்று அதை உண்டு வேர் விடுகிறது. ஆர்க்கிட் விதைக்குள் அப்படிப்பட்ட உணவுச் சேமிப்பு இல்லை. கட்டுச்சோறு இல்லாமல் வழிப்பயணம் புறப்பட்டவன் போன்றது அது. எனவே பட்டையில் வாழும் ஒருவகை நுண்ணிய பூஞ்சாணம் வந்து அதற்கு உணவு ஊட்ட வேண்டும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் நோயல் பெர்னார் 1899-ல் இந்த உண்மையைக் கண்டறிந்தார். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊடகத்தில் பூஞ்சாணம் இல்லாமலேயே ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்க முடியும் என்று காட்டினார். இன்று ஆய்வுக்கூடங்களில் குப்பிகளில் ஆர்க்கிட் கன்றுகள் வளர்வது அந்த வழியில்தான்.

ஆனால் உங்கள் தோப்பில் குப்பியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இலட்சம் விதை பறந்தாலும், சரியான பட்டையில், சரியான பூஞ்சாணம் இருக்கும் இடுக்கில், சரியான ஈரத்தில் விழுவது சிலவே. அப்படி விழுந்து முளைத்த கன்றும் பூக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். நீங்கள் சுரண்டி எறியும் ஒரு முதிர்ந்த கொத்து உங்கள் தகப்பனார் காலத்துச் செடியாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரக் கூலி வேலையில் அது போய்விடும்.

எந்த மரம் இதன் நிலம்?

மா, புளி, இலுப்பை போன்ற முதிர்ந்த மரங்களின் சொரசொரப்பான பட்டை இதற்கு ஏற்றது. வெடிப்புகளில் ஈரம் நிற்கும்; தூசியும் சருகும் தங்கும்; பூஞ்சாணம் வாழும். இளமரத்தின் வழவழப்பான பட்டையில் விதை தங்குவது அரிது. தைல மரமோ பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும். அதில் தொற்றுச் செடிகள் காலூன்றுவது கடினம். ஆகவே பழைய மரங்களை வெட்டிவிட்டு அதே எண்ணிக்கையில் தைல மரம் நட்டால் பசுமைக் கணக்கு சரியாகலாம். மரவாழையின் கணக்கு சரியாகாது.

வறண்ட இலையுதிர் காடுகளும், கரையோர மாவட்டங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் கோயில் காடுகளும் இதன் இயற்கை வாழிடங்கள். கோயில் காட்டில் விறகு ஒடிக்கக் கூடாது என்று நம் முன்னோர் வைத்த கட்டுப்பாட்டால் எத்தனையோ செடிகள் பிழைத்திருக்கின்றன. காட்டுக்கு வெளியே இதற்குக் கிடைத்த இடங்கள் மாந்தோப்புகளும், சாலையோரப் புளிய மரங்களும், ஏரிக்கரை மரங்களுமே. சாலைகளை அகலப்படுத்தும்போது பழைய புளிய மரங்கள் போகின்றன. அடர் நடவு முறைக்கு மாறும்போது பழைய மாமரங்கள் போகின்றன. இவை இரண்டுமே தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் குறைந்த மரத்தை வைத்துக்கொண்டு சிறு விவசாயி எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மலை ஆர்க்கிடுகளுக்குக் காப்புக் காடுகள் இருக்கின்றன, வனத்துறை இருக்கிறது, ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. சமவெளி மரவாழைக்குப் பெரும்பாலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதன் காடு உங்கள் பட்டா நிலத்தில் நிற்கிறது.

வாங்க வருவோர் குறித்து எச்சரிக்கை

நாட்டு மருத்துவத்தில் 'ராஸ்னா' என்று ஒரு சரக்கு உண்டு. தென்னாட்டில் அதற்கு அரத்தைக் கிழங்கைப் பயன்படுத்துவது வழக்கம். கிழக்கு இந்தியப் பகுதிகளிலோ மரவாழையின் வேரை அந்தப் பெயரில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் விற்பனையாகும்போது, மூட்டைக் கணக்கில் வேர் கேட்டு எவராவது உங்களிடம் வரக்கூடும். ஒரு மூட்டை வேர் என்றால் எத்தனை கொத்துகள் அழிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அரத்தையைப் பயிரிட்டு ஆண்டுதோறும் அறுவடை செய்யலாம். மரவாழையை ஒரு முறைதான் பிடுங்க முடியும்.

சட்டமும் உண்டு. காப்புக் காட்டில் புகுந்து செடி எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். 1975-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் காட்டு ஆர்க்கிடை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, ஆர்க்கிட் பயிரிட்டால் பெரும் பணம் வருமா என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 2003-ஆம் ஆண்டை ஒட்டி வனிலாவின் விலை வானத்தைத் தொட்டதும், பலர் கொடி நட்டதும், அடுத்த சில ஆண்டுகளில் விலை விழுந்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கொய்மலருக்கான ஆர்க்கிட் சாகுபடிக்கு நிழல்வலைக் கூடம், ஈரப்பதம், நல்ல கன்று, நிச்சயமான சந்தை ஆகிய நான்கும் வேண்டும். அதற்குரிய கன்றுகளைத் திசு வளர்ப்புக் கூடங்களில் வாங்க வேண்டுமேயன்றி மரத்திலிருந்து பிடுங்கக் கூடாது. மரவாழையை வருமானத்துக்கு வழியாக நான் உங்களுக்குக் காட்டவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை மனதில் கொண்டால் போதும்.

முதலாவதாக, கவாத்துக்கு ஆள் விடுமுன் நீங்களே தோப்பை ஒரு சுற்று வாருங்கள். மரவாழை உள்ள மரத்தில் சணல் கயிறு கட்டி அடையாளம் செய்யுங்கள். புல்லுருவியையும் மரவாழையையும் கூலியாட்களுக்கு நேரில் காட்டுங்கள்.

இரண்டாவதாக, பழைய மரங்களை மாற்ற வேண்டிய நிலை வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள். வரப்போரத்திலும் கிணற்றோரத்திலும் ஓரிரு முதிர்ந்த மரங்களை நிறுத்திவையுங்கள். விதை அங்கிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவதாக, செப்பு கலந்த பூஞ்சாணக் கொல்லிகள் ஆர்க்கிடுகளுக்குக் கேடு செய்யக்கூடியவை. பட்டையில் உள்ள நன்மை தரும் பூஞ்சாணத்தையும் பாதிக்கும். அடிமரத்துக்குப் போர்டோ பசை பூசும்போது மரவாழை பிடித்திருக்கும் இடத்தை விட்டுப் பூசுங்கள். பூக்கும் காலத்தில் தேவையற்ற பூச்சிமருந்துத் தெளிப்பைத் தவிர்ப்பது தேனீக்களுக்கும் நல்லது, உங்கள் மாவுக்கும் நல்லது.

நான்காவதாக, புயலில் மரம் விழுந்தாலோ, வெட்டியே ஆக வேண்டியிருந்தாலோ செடியைக் காப்பாற்றலாம். வேரைப் பட்டையிலிருந்து உரித்தெடுக்காதீர்கள். வேர் முறிந்தால் செடி தேறுவது கடினம். பட்டைத் துண்டோடு, அல்லது சிறு கிளையானால் கிளைத்துண்டோடு சேர்த்து அறுத்தெடுங்கள். சொரசொரப்பான பட்டையுள்ள வேறொரு மரத்தில், காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்து, வாழை நாராலோ பருத்தித் துணிக் கிழிசலாலோ கட்டுங்கள். கம்பி வேண்டாம். கிளைப் பிளவில் வைக்க வேண்டாம். அங்கே நீர் தேங்கிக் குருத்து அழுகிவிடும். மழைக்காலத் தொடக்கமே ஏற்ற பருவம். மழை இல்லாத நாட்களில் காலையில் ஒரு முறை நீர் தெளித்தால் போதும். வேர் நுனி பச்சையாகப் புதிதாய் நீளத் தொடங்கினால் செடி பிடித்துவிட்டது என்று பொருள். பிறகு அதை அதன்போக்கில் விட்டுவிடலாம்.

ஐந்தாவதாக, ஆசைப்பட்டு மண் தொட்டியில் நடாதீர்கள். சாணமோ யூரியாவோ இடாதீர்கள். இதன் வேருக்கு வேண்டியது காற்று. மண்ணில் புதைத்தால் வேர் அழுகிச் செடி இறந்துவிடும்.

மரவாழையைப் போலவே மரப்பாசியும், பட்டையில் முளைக்கும் சிறு பெரணிகளும் மரத்தைத் துளைப்பவை அல்ல. அவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. அந்தக் கூலியை முடிச்சோடு புல்லுருவியை அகற்றச் செலவிடுங்கள். மரத்துக்கு உண்மையான பயன் அதில்தான் இருக்கிறது.

முடிவாக

அசாம் மாநிலத்தில் மரவாழைக்கு நெருங்கிய உறவான ஓர் ஆர்க்கிட் உண்டு. நரிவாலைப் போல் நீண்டு தொங்கும் அதன் பூச்சரத்தை அங்குள்ள பெண்கள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிகுத் திருவிழாவில் கொண்டையில் சூடிக்கொள்கிறார்கள். அதுவே அந்த மாநிலத்தின் மலரும்கூட. அங்குள்ள உழவர்கள் தங்கள் மரத்தில் பூக்கும் செடியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நம்மிடையே மரவாழையைக் கண்டவர்கள் பலர். பெயர் கேட்டால் புல்லுருவி என்போரும் பலர். பெயர் தெரியாத செடி எளிதில் அரிவாளுக்கு இரையாகிறது.

மிஞ்சியிருந்த அந்த ஒரு கொத்தைப் பார்த்துவிட்டு நான் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் காலமாகியிருந்தார். அவருடைய மகனிடம், "உங்கள் அம்மா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தவறு" என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "அம்மா அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார். அந்த ஒண்ணையாவது யாரும் தொடக்கூடாதுன்னு ஏணியை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க" என்றார். ஏணி எட்டாததால் தப்பியது என்று நான் நினைத்திருந்தேன். ஒரு படிப்பில்லாத மூதாட்டி தாமாகவே காத்துவைத்தது அது.

உழவர் பெருமக்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் மரங்களை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். வெள்ளை வேரும் இருவரிசை இலையுமாக ஒரு கொத்து கண்ணில் பட்டால், வீட்டிலுள்ள பிள்ளைகளை அழைத்துக் காட்டி, இதன் பெயர் மரவாழை என்று சொல்லிக்கொடுங்கள்.